இடது தோள்

போன வாரம் நான் நிறுத்தியபோது நைனாவின் ஸ்வெட்டருக்கு ஒரு கைதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பே இரண்டாவது கையையும் முடித்து உடம்போடு சேர்த்துத் தைத்துவிட்டேன். நூலைக் கடித்து அறுத்தபோது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை என்ன செய்தது என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இப்போதுதான் படிக்க வருகிறவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை.

என் அப்பா மாரியப்பனை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கும்மிடிப்பூண்டியில் ஓர் இறால் கம்பெனியின் குளிர்க் கிடங்கில் பல வருஷமாகக் கான்ட்ராக்ட் லோடுமேன். அங்கே ஸ்டோர்கீப்பர் ரிடையர் ஆனார். அந்த இடத்துக்கு நைனாவைப் போடலாம் என்று சூப்பர்வைசர் சாம்சன் சார் சொன்னார். கிடைத்தால் பெர்மனென்ட் வேலை. திங்கட்கிழமை மெடிக்கல். அது பேருக்குத்தான், ஆள் திடமாக இருக்கிறான் என்று சாம்சன் சார் எழுதிக் கொடுத்தால் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று கிடங்கில் எல்லோரும் சொன்னார்கள்.

ஸ்டோர்கீப்பர் பாதி ஷிப்ட் உறைகுளிருக்குள் நிற்க வேண்டும். கம்பெனி கோட்டு ஆள் மாற்றி ஆள் போடுவது, ஈரம் காயவே காயாது. உள்ளே போட்டுக்கொள்ளச் சொந்தமாக ஒரு ஸ்வெட்டர் இருந்தால்தான் தாங்கும். எங்கள் ஊர் வெயிலில் ஸ்வெட்டர் பின்னும் வகுப்பு நடப்பதே இந்தக் கிடங்குக்காரர்களை நம்பித்தான்.

புதுவாயல் கூட்ரோட்டில் செருப்புக் கடை மாடியில் விக்டோரியா டீச்சர் சாயங்காலம் வகுப்பு எடுக்கிறார். குன்னூரில் வளர்ந்தவர். நான் பகலில் போல்ட் கம்பெனியில் அளவு சரிபார்க்கும் வேலை செய்கிறேன். ஷிப்ட் முடிந்ததும் நேராக மாடிக்குப் போவேன். எதையும் ஒருமுறை அளந்தால் எனக்கு நம்பிக்கை வராது. வகுப்பில் அதற்காக என்னைக் கேலி செய்வார்கள். மற்றவர்கள் ஒரு முதுகுப் பக்கத்தை முடிக்கும் நேரத்தில் நான் இரண்டு முறை பிரித்திருப்பேன்.

முதலில் நைனாவின் சட்டையை வைத்துத்தான் அளவு எடுத்தேன். சட்டை வேறு, உடம்பு வேறு, ஆளை அளந்துகொண்டு வா என்று டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். நைனா பிடி கொடுக்கவில்லை. டேப்பைப் பார்த்தாலே குளிக்கப் போவார், இல்லை பீடி வாங்கப் போவார். ஒருமுறை நின்றார். ஆனால் இடது தோளில் கிடந்த துண்டை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

அதனால் அவர் நைட் ஷிப்ட் முடிந்து பகலில் குப்புறப் படுத்துத் தூங்கும்போது அளந்தேன்.

படுத்திருப்பவரை அளக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் கண்டிப்பு. மனிதனைப் படுக்க வைத்து அளப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான் என்று அம்மா தாயாரம்மாள் சொல்வாள். அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அளந்தேன். தோள் நுனியிலிருந்து இடுப்பெலும்பு வரை வலது பக்கம் ஓர் அளவு, இடது பக்கம் ஒன்றரை இன்ச் குறைவு.

என் கைதான் தப்பு என்று நினைத்தேன். டேப்பை ஸ்டீல் ஸ்கேலோடு ஒட்டிவைத்துச் சரிபார்த்தேன். அடுத்த நைட் ஷிப்ட் வரும்வரை காத்திருந்து மறுபடி அளந்தேன். அதே ஒன்றரை இன்ச்.

டீச்சரிடம் காட்டினேன். பேட்டர்ன் தாளில் இரண்டு தோளும் ஒன்றாகத்தான் இருக்கும், ஆளுக்குத் தகுந்த மாதிரி நாம்தான் மாற்ற வேண்டும் என்றார். ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்போம். இடது பக்கம் வரிசைகளைக் குறைத்து, கண்ணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, தோளைச் சரிவாக இறக்கச் சொல்லிக் கொடுத்தார். முடித்ததும் அதை எல்லோரிடமும் தூக்கிக் காட்டினார். இவ்வளவு நுணுக்கமாக உடம்புக்குப் பின்னினவள் இந்த வகுப்பில் இதுவரை இல்லை என்றார்.

பிறகு என் பக்கம் குனிந்து, அவருக்குத் தோளில் அடி ஏதாவது பட்டதா என்று கேட்டார். தெரியாது டீச்சர் என்றேன். கேட்டுப் பார் என்றார்.

நான் கேட்கவில்லை. எண் கிடைத்துவிட்டது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

*

சாம்சன் சாரும் அவர் மனைவி பிரின்சியும் சர்ச் முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. நைனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்ததுமே போய்ப் பழவேற்காட்டு நண்டு வாங்கி வந்துவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கூடவே ஒரு டேபிள் ஃபேன். நான் நாஷ்டா தின்றுகொண்டே ஸ்வெட்டரை மடித்துப் பெட்டிமேல் வைத்தேன். மெடிக்கல் முடிந்து நல்ல சேதியோடு வரும்போது கொடுக்கலாம் என்று எண்ணம்.

அவர்கள் வந்தார்கள். சாம்சன் சார் நல்ல மாதிரி, வேலை செய்கிறவர்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். நைனா அவருக்கு எதிரே நாற்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றுகொண்டே பரிமாறினார். நீயும் உட்காரு மாரி என்று சார் இரண்டு தடவை சொன்னார். நைனா ஆகட்டும் சார் என்றாரே தவிர உட்காரவில்லை. தோளில் துண்டு வழக்கம்போல் மடிப்புக் கலையாமல் இருந்தது.

சாப்பாடு முடிந்து கைகழுவியதும் பிரின்சி என்னிடம் ஸ்வெட்டரைக் கேட்டார். சர்ச்சில் விக்டோரியா டீச்சர் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நன்றாக இருந்தால் சாம்சன் சாருக்கும் ஒன்று பின்னித் தரச் சொல்வாராம், கம்பெனியில் மற்றவர்களுக்கும் சொல்வாராம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வேண்டாம் என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். வந்தவர்களிடம் நாமே கடை விரிப்பது அழகில்லை என்று நினைக்கிறாள் போலும் என்று எண்ணி, போய் எடுத்து வந்தேன்.

பிரின்சி அதை இரண்டு தோளிலும் பிடித்துத் தூக்கினார். வெறும் காற்றில் தொங்கும்போது அந்தச் சரிவு எப்படித் தெரியும் என்று நான் யோசித்ததே இல்லை. பார்க்க அவலமாக இருந்தது.

"இன்னா கவி, ஒரு பக்கம் எறங்கிகினு கீது?" என்று என்னைக் கேட்டார்.

"பாப்பா தூங்கிக்கினே பின்னியிருக்கும்" என்றார் சாம்சன் சார்.

இருவரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள். அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

"புதுசா கத்துக்குதுல்ல பிரின்சி. தப்பு பண்ணிடுச்சு. பிரிச்சிப் பின்னச் சொல்றேன்."

வகுப்பில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டிய வேலை அது. வாழ்க்கையில் முதல்முறையாக, இது சரி என்று எனக்கே உறுதியாகத் தெரிந்த விஷயம் அது. அதை என் அம்மாவே தப்பு என்கிறாள்.

"தப்பு ஒண்ணும் இல்ல. நைனாவுக்கு எடது தோளு ஒண்ணரை இன்ச்சு எறக்கம். ரெண்டு தபா அளந்துட்டுதான் பின்னுனேன்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. நைனா தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போன கையை அப்படியே வைத்திருந்தார்.

சாம்சன் சார் அப்போதும் சாதாரணமாகத்தான் இருந்தார். "அப்பிடியா மாரி? எங்க, போடு பாக்கலாம்."

அப்புறம் போட்டுக்கொள்கிறேன், வேர்க்கிறது என்றார் நைனா. ஒரு நிமிஷம்தானே, லேடீஸ் இருக்கிறார்கள் என்று வெட்கமா என்று சார் கேட்டார். நைனா உள்ளறைப் பக்கம் திரும்பினார். இங்கேயே போடேன், சட்டைமேலே போட என்ன இருக்கிறது என்றார் சார். சொன்னவர் சூப்பர்வைசர். நைனா துண்டை எடுத்து நாற்காலிமேல் போட்டார்.

நான் பின்னியது தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர். அதைப் போட இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கியாக வேண்டும். பின்னிய இத்தனை வாரத்தில் இந்த ஒன்றை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

வலது கை போய்விட்டது. இடது கை மார்பு உயரத்துக்கு வந்து நின்றது. நைனா உடம்பை வளைத்தார். முழங்கையை மட்டும் தூக்கிப் பார்த்தார். தலை உள்ளே மாட்டிக்கொண்டு, ஒரு கை வெளியே, ஒரு கை நூலுக்குள் துழாவிக்கொண்டு, முகம் தெரியாமல் எங்கள் நடுவில் நின்றார். அம்மா ஓடிப்போய், குழந்தைக்கு மாட்டுவதுபோல இடது கையைப் பிடித்து உள்ளே விட்டு, கீழே இழுத்துவிட்டாள்.

முகம் வெளியே வந்தது. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

ஸ்வெட்டர் அவருக்குப் பொருந்தியிருந்தது. தோளில் ஒரு சுருக்கம் இல்லை, ஓர் இழுப்பு இல்லை. இதை எழுதாமல் விட்டுவிடலாம்தான். ஆனாலும் உண்மை இதுதான்: அந்த நொடியில் என் கண் முதலில் பார்த்தது அதைத்தான். அதற்குப் பிறகுதான் நைனாவின் முகத்தைப் பார்த்தேன்.

சாம்சன் சார் அந்த இடது கையையே பார்த்தார். மேல் ரேக்கில் பெட்டி யார் ஏற்றுகிறார்கள் என்று கேட்டார். பசங்க ஏத்திக் குடுப்பாங்க சார் என்றார் நைனா. சார் சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தார். பிரின்சி என் கையைப் பிடித்து, நன்றாக இருக்கிறது கவி என்றார். ஆர்டரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நைனா அந்த ஸ்வெட்டரோடேயே அவர்களைத் தெருமுனை வரை கொண்டுபோய் வண்டியேற்றிவிட்டு வந்தார்.

*

அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பாத்திரங்களை எடுத்துப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

போன ஆடியில் நைனா திருத்தணிக்குக் காவடி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார், ஞாபகம் இருக்கிறதா. அப்படியே திருப்பாச்சூரில் மாமா வீட்டில் கொஞ்ச நாள் தங்கிவிட்டு வந்தார். உண்மையில் அவர் போனது திருத்தணி தாண்டி, புத்தூருக்கு. கிடங்கில் இறால் பெட்டி அடுக்கு சரிந்து தோள்மேல் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பெனிக்குத் தெரியும், அடிபட்ட கான்ட்ராக்ட் ஆளை அடுத்த மாசம் பட்டியலில் வைக்க மாட்டார்கள். புத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மாமா வீட்டில் படுத்திருந்தார். சரியாகக் கூடுவதற்குள் கட்டை அவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனார். எலும்பு இறங்கினபடியே கூடிவிட்டது.

திரும்பி வரும்போது திருத்தணியில் இறங்கி எனக்குப் பஞ்சாமிர்தம் வாங்கி வந்திருந்தார். நான் அதை வழித்து வழித்துத் தின்றேன். காவடி அழுத்தியதா நைனா என்றுகூடக் கேட்டேன்.

"அவுங்க சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும்னுதானே நானும் சிரிச்சேன்" என்றாள் அம்மா. "உனுக்கு ஒரு நிமிசம் கெட்ட பேரு வந்தா தாங்காதா?"

தாங்கியிருக்கும். ஒரு கத்துக்குட்டி கோணலாகப் பின்னிவிட்டாள் என்று சிரித்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

எப்போது அளந்தாய் என்று கேட்டாள். சொன்னேன். கையிலிருந்த கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நைனா வாசலில் ஆஸ்பெஸ்டாஸ் நிழலில் ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தார். மாசி வெயில் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. கழுத்திலிருந்து வேர்வை வழிந்து நூலில் கருப்பாக இறங்கியிருந்தது. கோபத்தில் அப்படியே இருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அவரால் தானாகக் கழற்ற முடியாது. யாரையும் கூப்பிடவும் மனசு வரவில்லை.

"கயட்டட்டுமா நைனா?"

தலையாட்டினார். எழுந்து நின்று, குனிந்து கொடுத்தார். வலது கையை முதலில் எடுத்து, தலையை எடுத்து, கடைசியில் இடது கை வழியாக உருவினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. தோளெலும்பு ஒரு முண்டாகப் புடைத்திருந்தது. இத்தனை மாசமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு முறை டேப் வைத்து அளந்தும், நான் அதைப் பார்த்ததில்லை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், "அளவு கரீட்டா கீது" என்றார். அவர் அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் அவர் போன் அடித்தது. சாம்சன் சார். நைனா எடுத்து, சரி சார், கீது சார் என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார்.

சாம்சன் சார் சுற்றி வளைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டுமாம். ஸ்டோர்கீப்பர் உள்ளே தனியாக நிற்கிற ஆள். மேலிருந்து ஒரு பெட்டி சரிந்தால் பிடிக்கக் கை வேண்டும், கத்தினாலும் வெளியே கேட்காது. நாளைக்கு ஒன்று ஆனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் மாரிக்குச் செய்ய வேண்டும் என்று ஆசை இருக்கிறது என்றார். குரல் இறங்கியது.

"நீயே சொல்லு பாப்பா. நீ அளந்தது நெசமா, இல்ல எங்கனா தப்பாயிடுச்சா?"

அவர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று தெளிவாகத் தெரிந்தது. அம்மா கதவருகே வந்து நின்றாள்.

"தப்பாயிடுச்சு சார்" என்றேன். "டேப்ப மாத்திப் புடிச்சிட்டேன்."

"அப்ப கை ஏன் மேல போவல?"

"கைய ரொம்ப டைட்டா பின்னிட்டேன் சார். யார் போட்டாலும் மாட்டிக்கும். எனுக்கு இன்னும் சரியா பின்ன வரல."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது. மதியம் இந்தப் பொய்யை அம்மா என் கையில் கொடுத்தாள். அப்போது வாங்கியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இப்போது எல்லோருக்கும் தெரிந்த பிறகு சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்படியென்றால் சரி, நான் எழுதிவிடுகிறேன் என்றார் சாம்சன் சார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

நைனா கையை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் என் கையிலிருந்து போனை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"சார், பொண்ணு சரியாத்தான் அளந்துது. அதுக்கு நல்லா பின்ன வருது. தோளுதான் சார் இப்பிடி."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

நைனா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். போன ஆடியில சார், என்றார் ஒருமுறை. இல்ல சார், யார்கிட்டயும் சொல்லல, என்றார். கடைசியில் சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

சார் இன்னா சொன்னாரு என்று அம்மா கேட்டாள். அவர் என் கையிலிருந்த ஸ்வெட்டரை எடுத்தார். இடது தோளின் தையல்மேல் விரலை வைத்து, கழுத்திலிருந்து நுனி வரை ஓட்டினார்.

"இங்க பிரிச்சி, பட்டன் வெக்க முடியுமா கவி? கைய தூக்காம நானே போட்டுக்கற மாதிரி. நாளைக்குப் போட்டுகினு போவணும்."

குழந்தைகளின் ஸ்வெட்டரில் அப்படித் தோளில் பட்டன் வைப்பார்கள். முடியும் என்றேன். கத்தரியை எடுத்து, அந்தத் தோளில் நான் போட்ட முதல் தையலைத் தேடினேன். கண் கலங்கியிருந்ததால் நூலும் தையலும் ஒன்றாகத் தெரிந்தன. ஒன்றை வெட்டினேன். சரியான இடம்தான்.

அம்மா மறுபடி கேட்டாள். சார் என்னதான் சொன்னார், எழுதுவாரா மாட்டாரா, எதற்கு ஸ்வெட்டர்.

நைனா தொட்டியடிக்குப் போய்க் கைகழுவிவிட்டு வந்து, சோறு போடு தாயாரு என்றார். வந்தவர்களுக்குப் பரிமாறிக்கொண்டே இருந்த மனிதர், காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.